வணக்கம் சொல்லத் தெரிந்த கணினி

இரண்டு கணினிகளை ஒன்றோடொன்று பேசவைத்தவர்கள் உலகில் எத்தனையோ பேர். அவற்றுக்குச் சபை நாகரிகம் கற்றுக்கொடுத்த பெருமை, திருவனந்தபுரம் வஞ்சியூரில் வாசகசாலை மாடியில் கூடும் எங்கள் ‘கட்டற்ற மென்பொருள் கற்றல் வட்ட’த்தையே சேரும். அதன் செயலாளர் அடியேன்தான்.

ஞாயிறுதோறும் வலைத்தொடர்பு பற்றிய தடித்த பாடநூலைப் படிக்கிறோம். ஒருவர் ஒரு வரி வாசிப்பார், மற்றவர்கள் மறுப்பார்கள். ஓணத்துக்குத் தொடங்கிய முன்னுரை விஷுவுக்கும் முடியவில்லை. அவ்வளவு ஆழம்! திறந்த மூலநிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அந்த உரிமைக்காக ஊர்வலமே போயிருக்கிறோம். திறந்துதான் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுப்பாட்டைக் குலைத்தவள், வட்டத்திலேயே இளையவளான ஜின்சி. வீட்டில் திருட்டுத்தனமாகப் புத்தகத்தைக் கடைசிவரை படித்து, யாரோ எழுதிய நிரலைப் பிரித்து மேய்ந்து, தானே ஒன்று எழுதிவிட்டாள். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி போகும். போகாவிட்டால் காரணத்தைத் திரையில் சொல்லும்.

“செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ, சாரே. ஒரு வட்டம் பாத்து ஏத்துக்கிட்டு வெளியிட்ட நிரலத்தான் ஓட்டிக் காட்டணுமாம். இது போச்சுன்னா, ஷார்ஜால மாமா கடையில பில் போட வீட்டுல அப்பச்சன் என்னை அனுப்பிடுவாரு.”

தலைவர் பிரபாகரன் பிள்ளை சார் நிரலைப் பார்த்து முகம் சுளித்தார். “என்ன மோளே இது, எடுத்த எடுப்புல விஷயத்துக்குப் போகுது?”

“இல்ல சாரே. ‘இருக்கியா?’ன்னு கேக்கும். ‘இருக்கேன், நீ?’ன்னு மத்தது கேக்கும். ‘நானும் இருக்கேன்’னதும் சேதி போயிரும். புஸ்தகத்துல அவ்வளவுதான்.”

“வரவேற்புரை எங்க? தலைமையுரை எங்க? வாழ்த்துரைக்கு ஒரு ஆள் கூடவா கிடைக்கல?”

“கம்ப்யூட்டருக்கு எதுக்கு சாரே வாழ்த்துரை?”

“நாம காட்டுமிராண்டிகளா, மோளே?”

பழம்பொரியும் கட்டன் சாயாவும் வந்தன. திருத்தங்கள் ஏகமனதாக நிறைவேறின. ஜின்சி கை தூக்கியதை, ஆதரவு என்றே நான் பதிவு செய்தேன்.

செவ்வாயன்று தேர்வாளர்கள் முன்னால் முதல் கணினி இரண்டாவதை வரவேற்றது. இரண்டாவது, தலைமையேற்குமாறு முதலாவதைக் கேட்டுக்கொண்டது. முதலாவது தகுதியில்லை என்று மறுத்துப் பிறகு இசைந்தது. தலைமையுரை தொடங்கியது. வாழ்த்துரைகளுக்கு நடுவில் தேர்வாளர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். சேதி புறப்படவேயில்லை. வேலையும் கிடைக்கவில்லை. பாவம், நிறுவனத்துக்குக் கொடுத்துவைக்கவில்லை!

அடுத்த ஞாயிறே அவளுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தோம். மறுநாள் ஷார்ஜா விமானம். “போறதுக்கு முன்னால நம்ம நிரல ஒருதடவை ஓட்டு மோளே” என்றார் பிள்ளை சார், கண் கலங்க. ஓட்டினாள். வாழ்த்துரைகள் நீண்டன; ஒவ்வொன்றுக்கும் கைதட்டினோம். சட்டென்று திரையில், நாங்கள் திருத்த மறந்த அவளுடைய பழைய வரி வந்து நின்றது:

‘சேதி போகவில்லை. மறுமுனை உயிரோடு இருக்கிறது. பேசிக்கொண்டும் இருக்கிறது. கேட்கத்தான் இல்லை.’

கைதட்டல் நின்றது. பிள்ளை சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எங்களப் பத்தியா எழுதினே, மோளே?”

“எழுதுறப்போ கம்ப்யூட்டரத்தான் நெனச்சேன், சாரே.”