யமுனையில் ஒரு தீவு

கடல் இல்லாத ஊரில் வளர்ந்தவன் கடற்கரை ஊர்க்காரர்களிடம் தண்ணீரைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. நான் திறந்தேன். அதுவும் பெண் வீட்டார் முன்னால்.

கனிக்குத் தூத்துக்குடி. மாப்பிள்ளை வீடு பார்க்க அவளும் அவள் அப்பாவும் வடக்கே நாங்கள் இருக்கும் ஜனக்புரிக்கு வந்திருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் ரயில். ஏறுவதற்கு முன் முடிவைச் சொல்லிவிடுவதாகப் பேச்சு. எனக்குக் கனியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்பது மட்டும் அந்த முகத்தில் தெரியவே இல்லை.

"எங்கூருல படகேறுனா தீவு. இங்கன என்ன தம்பி இருக்கு?" என்று அவள் அப்பா சும்மாதான் கேட்டார்.

"இங்கயும் இருக்கே அங்கிள்! யமுனையில நிறைய தீவு. சண்டே ஆனா நான் அங்கதான்" என்றேன். (போட்டோவில் பார்த்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம்வரை ரஜாய்ப் போர்வையை விட்டு வெளியே வராத பிராணி நான்.)

"அப்ப காலையிலயே போயிருவோம்" என்றார் மனுஷர்.

ஜனவரி மாதம். நீட்டிய கை தெரியாத பனிமூட்டம். படித்துறையில் இருந்த படகுக்காரரிடம், "நல்ல தீவாப் பார்த்து விடுங்க அண்ணே" என்று இந்தியில் கெஞ்சினேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு எங்களைப் பனிக்குள் சுற்று சுற்றென்று சுற்றி ஒரு முள்ளங்கி வயலில் இறக்கிவிட்டார். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஓரமெல்லாம் சோப்பு நுரை. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"தீவு இப்படித்தான் நாறுமா தம்பி?"

"சீசன் அங்கிள்" என்றேன்.

படகு வரவில்லை. படகுக்காரரின் செல்போன் ஆஃப். என் போனில் மேப்பைத் திறந்தால், நட்டாற்றில் மிதந்துகொண்டிருந்தோம். சுற்றிலும் நீலம். (ஆறு வருஷா வருஷம் இடம் மாறும் என்பது எனக்கும் தெரியாது, மேப்புக்கும் தெரியாது.) ரயிலும் போய், பெண்ணும் போய், நாளைக்கு இந்த முள்ளங்கியைத் தின்றுதான் உயிர் வாழ வேண்டும் என்று முடிவு கட்டினேன். கனியோ இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்ப்பொடி போதுமா என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குள் இருந்த வீரன் விழித்துக்கொண்டான். "நான் நீந்திப் போய் ஆள் கூட்டிட்டு வரேன்" என்றேன். நீச்சலா? பக்கெட் தண்ணீரைத் தவிர வேறெதிலும் நான் இறங்கியதில்லை. ஸ்வெட்டர், சட்டை எல்லாம் கழற்றி, முழங்கால்வரை அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் நின்றேன். அதற்கு மேல் கால் நகர மறுத்தது. பற்கள் கடகடவென்று அடிக்க, "பச்சாவோ! பச்சாவோ!" என்று காப்பாற்றச் சொல்லி இந்தியில் அலறினேன்.

பனிக்குள்ளிருந்து சைக்கிள் மணி கேட்டது. கேரியரில் டீ கெட்டில் கட்டிய ஒருவர் முள்ளங்கி வரப்பில் மிதித்துக்கொண்டு வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"க்யா ஹுவா பாய்சாப்?" என்ன ஆச்சு என்று கேட்டார்.

"நாவ் நஹீ ஆயி..." படகு வரவில்லை என்றேன்.

"படகு எதுக்கு? பின்னால ரோடு இருக்கே" என்று இந்தியில் சொல்லிவிட்டு, டீ வேண்டுமா என்று கேட்டார். பனி லேசாக விலகியது. வயலுக்கு அந்தப் பக்கம் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன.

நான் சட்டையைத் தேடினேன். அது கனியின் மடியில் பத்திரமாக இருந்தது.

"எறங்குனவுடனே இங்கன மோட்டார் சைக்கிள் தடம் பாத்தேன்" என்றாள்.

"அடப்பாவமே, சொல்லியிருக்கலாமே!"

"சண்டே சண்டே வாரவுக. ஒங்களுக்குத் தெரியாததா?"

அன்றுதான் அவள் சிரித்து முதல்முறை பார்த்தேன். வெட்கத்தில் செத்தேன்.

ஸ்டேஷனில் நான் தும்மிக்கொண்டே நின்றேன். பெட்டியில் ஏறும்போது அவள் அப்பா என் தோளில் கை வைத்தார். "இனி அங்கிள்னு சொல்லாதிய, மாமான்னு கூப்பிடுங்க. எம்மக சரின்னுட்டா. எனக்கும் பயமில்ல. நீங்க ஒரு பொய் சொன்னா அது மறுநா மத்தியானத்துக்கு மேல நிக்காது."

கல்யாணமாகி இன்றுவரை என் பொய் எதுவும் நிற்கவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் கதை விடுவதில்லை, ரீல் விடுவதில்லை, தீவுதான் விடுகிறார்கள். ஆபீசில் மீட்டிங் என்று நான் போனில் சொன்னால் போதும், தமிழே சரியாக வராத என் மகள் மட்டும் திக்காமல் திணறாமல் கத்துவாள்: "அம்மா, அப்பா தீவு விடறார்!"