சாந்தினி சௌக்கில் என் இந்தி

கரோல் பாக், புது டெல்லி
17-11-1998

பிலாய் உருக்காலையில் உத்தியோகம் பார்க்கும் என் அன்பு மைத்துனர் கலியமூர்த்தி அவர்களுக்கு இராஜமாணிக்கம் எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சியும், வளைகாப்புக்குக் காத்திருக்கும் மகள் அகல்யாவும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அக்கா பூங்கோதையும், குடிக்கத் தகுந்த காபி கிடைக்காதது நீங்கலாக, சுகம்.

விருத்தாசலத்திலிருந்து முப்பத்திரண்டு பேர் சுற்றுலா வந்திருக்கிறோம். வழிகாட்டியின் பெயர் ஸ்ரீதர். சரோஜினி நகரில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நேற்று செங்கோட்டை எதிரில் பஸ்ஸை நிறுத்தி, "அங்கிள், ஆன்ட்டி, எல்லாரும் மூணு மணிக்கு இங்கயே வந்துடுங்க. ரோட்ல எதுவும் சாப்பிடாதீங்க, பேட் கராப் ஆயிடும்" என்றார். வயிறு கெட்டுவிடுமாம். எல்லோரும் தலையாட்டினார்கள், நான் ஆட்டவில்லை. 1962-லேயே தபால் வழியாக இந்திப் பரீட்சை மூன்று எழுதித் தேறியவன் நான் என்பதும், ஒன்றிய அலுவலகத்தில் இந்தியில் வந்த ஒரே கடிதத்தைப் படித்துச் சொன்னவன் நான்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே பூங்கோதையை அழைத்துக்கொண்டு சாந்தினி சௌக்குக்குள் நுழைந்தேன்.

ஒரு தள்ளுவண்டியில் கோல்கப்பா விற்றுக்கொண்டிருந்தார்கள், நம் ஊரில் பானிபூரி என்கிறோமே அதுதான். மிளகாய் இல்லாமல் வேண்டும் என்பதை இலக்கணசுத்தமாக "மிர்ச் ரஹித்" என்று கேட்டேன். கடைக்காரர் முதல் சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "அச்சா, மிர்ச்" என்று இன்னும் இரண்டு கரண்டி காரத்தை ஊற்றிவிட்டார். இது அவருடைய படிப்புக் குறைவே தவிர என் இந்தியின் குறை அல்ல. பூங்கோதை நாக்கை நீட்டி விசிறிக் காட்டித் தலையை ஆட்டினாள், அவளுக்கு இனிப்பாகக் கொடுத்தார்கள். எட்டு சாப்பிட்டாள். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஒழுக, "இங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு ஜிலேபி தேடிப் போனேன், ஒரு சந்து திரும்பினேன், இன்னொன்று திரும்பினேன், ஜிலேபியும் கிடைத்தது, ஆனால் திரும்பி வந்து பார்த்தால் தள்ளுவண்டியும் இல்லை, உங்கள் அக்காவும் இல்லை.

நான் பதறவில்லை. அரை மணி நேரம் நிதானமாகத் தேடிய பிறகு ஒரு போலீஸ்காரரிடம் போய், மனைவியைக் காணோம் என்று மனதுக்குள் பிழையில்லாமல் கோத்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "மேரீ தர்மபத்னீ லுப்த் ஹோ கயீ ஹை." அவர் என்னை உற்றுப் பார்த்தார். பக்கத்திலிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு, "ஃபிர் ஸே போலியே, பாபூஜி" என்றார். மறுபடி சொன்னேன். டீ வரவழைத்தார்கள். மூன்றாமவர் வந்தார், அவருக்காகவும் சொன்னேன். அழிந்துபோன மிருகம், பறவை இவற்றுக்குத்தான் இப்போது "லுப்த்" என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள் என்று ஸ்ரீதர் பிறகு விளக்கினார். இருக்கட்டும், காணோம் என்ற அர்த்தம் அதில் இருக்கிறதா இல்லையா?

பிறகு போலீஸ்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்து, என்ன கலர் புடவை என்று கேட்டார். கேள்வி நன்றாகப் புரிந்தது. பதில்தான் வரவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் வந்திருக்காது. காலையில் எனக்கு எதிரேதான் உட்கார்ந்து தலை வாரினாள். முப்பத்து நான்கு வருஷமாக எதிரே இருப்பவள். கையில் ஜிலேபிப் பொட்டலம் பிசுபிசுவென்று ஒட்ட, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

என் நிலையைப் பார்த்து, மரியாதை நிமித்தம் தம் மோட்டார் சைக்கிளிலேயே ஏற்றிக்கொண்டு வந்து அவர் என்னைச் செங்கோட்டையில் விட்டார். மணி நாலே முக்கால். பஸ் நின்றது. உங்கள் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எப்படி வந்தாள் என்றால், வாங்கி வைத்திருந்த செங்கோட்டைப் படம் போட்ட தபால் அட்டையை ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரிடம் நீட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். மூன்று மணிக்கே வந்துவிட்டாளாம். என்னைப் பார்த்ததும், "என்னங்க, தொலைஞ்சி போயிட்டீங்களா?" என்றாள். முப்பது பேரும் கேட்டார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? மொழி தெரியாதவர்களுக்கு அதிர்ஷ்டம் ஒரு நாள்தான் கை கொடுக்கும். அகல்யாவுக்கு அத்தைதான் முதல் வளையல் போட வேண்டும், இங்கிருந்தே அக்காவை ரயிலேற்றி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பென்ஷன் வேலையாக நான் ஊர் திரும்பியாக வேண்டும். அவளைத் தனியே அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். வருத்தப்படாதீர்கள்.

அகல்யாவுக்குச் சுகப்பிரசவமாகி, பெயர் சூட்ட நாங்கள் இருவரும் சேர்ந்தே வந்து நிற்கும்படி விருத்தகிரீஸ்வரர் அருள வேண்டும். தங்கச்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பு. இராஜமாணிக்கம்

பி.கு.: கவரை ஒட்டச் சொல்லிக் கடிதத்தைப் பூங்கோதையிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள். ஒரு மணி நேரம் கழித்து பிலாய் டிக்கெட்டோடு வந்தாள். வியாழக்கிழமை நிஜாமுதீன் ஸ்டேஷனில் ஏறுகிறாள். உங்கள் ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம், விலாசம் எழுதிய சீட்டு இருக்கிறது என்கிறாள். இந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் விடவில்லை, அகல்யா படித்துச் சிரித்தால் பிள்ளைக்கு நல்லதாம். ஊருக்கு ரயில் ஏறும் வரை என் கையை விடக் கூடாது என்று ஸ்ரீதரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அவரும் "அச்சா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டார்.