லாரூவிடம் நான் எழுதிக்கொடுத்த அம்மாவின் பெயர்

சால்ட் லேக் சிட்டி,
நவம்பர் 12, 2019

அன்புள்ள அண்ணன் லெய்ஸருக்கு,

இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீயும் அண்ணியும் கிளீவ்லாந்தில் உண்மையாகவே நலமாக இருக்க வேண்டும். முதலில் ஒரு கேள்வி. எதையும் நம்பாத ஒருத்தி அடுத்தவருடைய நம்பிக்கைக்கு ஏன் பயப்படுகிறாள்? இருபது வருடமாகக் கல்லூரியில் பாறைகளின் வயதைக் கற்பிக்கும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. யூத ஓய்வுநாள் என்று சனிக்கிழமை லிஃப்ட் பொத்தானைக்கூடத் தொடாமல் ஒன்பது மாடி ஏறுகிறவன் நீ. அதனாலேயே எட்டு மாதமாக இதை உன்னிடம் மறைத்தேன். அம்மாவின் பெயரை வெளியே கொடுத்துவிட்டேன்.

மார்ச்சில் அம்மாவுக்காக நாம் ஏழு நாள் துக்கம் காத்தபோது பக்கத்து வீட்டு லாரூ ஜென்சன் தினமும் உருளைக்கிழங்குத் தட்டோடு வந்தாளே, நீ அதைத் தொடாமல் அவித்த முட்டையோடு நிறுத்திக்கொண்டாயே, அந்த லாரூதான். நீ ஊருக்குத் திரும்பிய மறுநாள் வந்து, "உங்கம்மா யாரு, எந்த ஊருன்னு எனக்கு எழுதிக்குடு கண்ணு" என்றாள். நான் தூங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தாத்தா பாட்டி பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பிறகு என்னோடு வேலை செய்யும் டேலினிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவன் லாரூவைப் போலவே மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தில் பிறந்து சபையை விட்டு வந்தவன். "தேதியும் ஊருமா குடுத்தீங்க? அப்புறம் என்ன மேடம், தலை துவட்டத் துண்டு ஒண்ணுதான் பாக்கி" என்றான்.

உனக்குத் தெரிந்ததுதான். அவர்கள் இறந்தவர்களுக்கும் ஞானஸ்நானம் செய்கிறார்கள். கோயில் தொட்டியில், இறந்தவருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒரு பெண் வெள்ளை உடையில் முங்கி எழுவாள். மறுவுலகில் இறந்தவர் அதை ஏற்கலாம், வேண்டாமென்றும் சொல்லலாமாம். மரியாதையான ஏற்பாடுதான். ஆனால் நம் அம்மா ஒரு தடவையாவது "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்திருக்கிறாளா? சொந்த முன்னோர் பெயரைத்தான் கொடுக்கலாம் என்று சபையில் விதி இருக்கிறது என்றான் டேலின். நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா லாரூ அத்தைக்கு யாருதான் சொந்தமில்ல?" என்று சேர்த்தான்.

சிரிக்காதே அண்ணா. போரில் யூதர்களைப் பிடித்துக் கொன்றபோது, ஏழு வயதில் நாமூர் கன்னியர் மடத்தில் மரி என்ற பெயரில் ஒளிந்திருந்தவள் அம்மா. கன்னியர் அவள் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியது உயிரைக் காப்பாற்றத்தான், அவர்கள் நல்லவர்கள் என்று அவளே சொல்வாள். ஆனால் போர் முடிந்த பிறகு ஃப்ரேடா என்ற சொந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்ததாம்.

தாளைத் திரும்ப வாங்க ஏப்ரலில் போனேன், சூடான ரொட்டியோடு வந்தேன். ஜூனில் போனேன், மகனைச் சபை ஊழியத்துக்கு இரண்டு வருடம் பெருவுக்கு அனுப்பிவிட்டு அழுதுகொண்டிருந்தாள், கூட உட்கார்ந்து அழுதேன். செப்டம்பரில் போனபோது அவர்கள் சபைக்குப் பியானோ வாசிக்க ஆள் இல்லை என்றாள். இப்போது ஞாயிறுதோறும் நான்தான் வாசிக்கிறேன்! நம் ஜெபாலயத்துக்கு வருடத்தில் இரண்டு நாள் போகிறவள்!

அவர்களும் நம்மைப் போலவே துரத்தப்பட்டுப் பாலைவனம் கடந்து வந்தவர்கள். இங்கே ஓடும் ஆற்றுக்கு நம் வேதத்தில் வரும் யோர்தான் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குப் பன்றி ஆகாது, அவர்களுக்குக் காப்பி ஆகாது. அவள் நிலவறையில் ஒரு வருடத்துக் கோதுமை, என் கதவருகே பாஸ்போர்ட், பயம் ஒன்றுதான். வித்தியாசம் வாசலில் இருக்கிறது. அவர்கள் மதத்துக்கு ஆள் சேர்க்க வந்து கதவைத் தட்டுகிறார்கள். நாம் நம் மதத்தில் சேர வந்து தட்டுகிறவரையே மூன்று தடவை திருப்பி அனுப்புகிறோம். வியாழன்தோறும் லாரூ வெள்ளை உடுப்பு வைத்த சிறு பெட்டியோடு கோயிலுக்குப் புறப்படுகிறாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். அவள் வீட்டில் குழாய் திறந்தாலே எழுந்து போய்ச் சுவரில் காதை வைக்கிறேன்.

நாளை காலை கேட்டுவிடப் போகிறேன். என்னை மன்னித்துவிடு. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுள், உன் முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கட்டும்.

உன் தங்கை,
யூடித்

பின்குறிப்பு, நவம்பர் 13:

கேட்டேன். லாரூ சமையல் குறிப்பேட்டிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "எங்கயும் அனுப்பல. எனக்குச் சொந்தமில்லாதவங்க பேரைக் குடுக்க நான் யாரு? செத்துப்போனவங்க எப்பிடி இருந்தாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். எட்டு மாசமா இதுக்கா பயந்த? வாயைத் தொறந்து கேட்டா என்ன?" அவளுக்குக் கோபம் வந்து இன்றுதான் பார்த்தேன். பிறகு ஒரு தடித்த கோப்பை என் முன்னால் தள்ளினாள். "அப்போ இதையும் பாத்துடு. எங்க சபையோட வம்சாவளி நூலகத்துல முன்னோரைத் தேடிக் குடுங்கன்னு உங்க அண்ணன் மாசாமாசம் பேரு எழுதி அனுப்புறாரு. உனக்குத் தெரிஞ்சா திட்டுவியாம்."

ஐந்து தலைமுறை, நூற்றுப் பதினேழு பேர், உன் கையெழுத்தில். உனக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன்!

கோபத்தோடுதான் புரட்டினேன். கடைசியில் லாரூ நேற்றுக் கண்டுபிடித்த, போரில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் பதிவேட்டின் ஒரு பக்க நகல். உனக்கு இன்னும் அனுப்பவில்லையாம். அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள், அண்ணா. மடத்துக்கு அனுப்பப்படாதவள். அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. லாரூவிடமே பேனாவைக் கேட்டு வாங்கி, என் தாளில் அம்மாவின் பெயருக்குக் கீழே பெயர், பிறந்த ஊர், பிறந்த வருடம் என்று எழுதினேன்: ரெய்ஸெல், ஆண்ட்வெர்ப், 1938.