ஒல்லாந்தர் சொல்லித்தராத சொல்

மொன்றியலில் பிரெஞ்சு தெரியாமல் பயந்து திரிந்த தமிழர் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன். ஆனால் பிரெஞ்சுக்காரரையே டச்சு மொழியால் பயப்படுத்திக்கொண்டு திரிந்த மனிதர் இந்த மொன்றியல் தீவு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவரை நாங்கள் ஒல்லாந்தர் என்போம்.

டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவர். "இவர்தான் ஒல்லாந்தர்" என்று முதல்நாள் சொன்னபோதே திடுக்கிட்டுவிட்டேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒல்லாந்தர் என்றால் யாழ்ப்பாணக் கோட்டையில் பீரங்கியோடு நின்றவர்கள் என்றுதான் புத்தகத்தில் இருந்தது. இவரோ தலையில் வலைத்தொப்பியோடு வெண்ணெய்க் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஒல்லாந்தில் பல வருடம் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் தனியாளாக இங்கே வந்தவர். மூலையில் உள்ள டெப்பனர் கடைக்குள் நுழைந்தால் "ஹூடெமோர்ஹன்!" என்று டச்சுக் காலை வணக்கத்தைத் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோலக் கத்துவார். கடைக்காரப் பெண் "பொன்ஜூர்" என்றபடி இரண்டடி பின்னுக்குப் போவாள்.

"அண்ணை, அவைக்கு டச்சு விளங்காதெல்லே?"

"விளங்காட்டிப் படிக்கட்டும். நான் அவையின்ர பாசையைப் படிக்கேல்லையோ?"

படிக்கவில்லை. அதுதான் விசயமே.

அப்படிப்பட்டவரிடம் நான் மாணவனாகப் போய் விழுந்ததற்குக் காரணம் என் மகள். ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகருக்குப் படிக்கப் போனவள், ஒரு டச்சுப் பையனைக் கட்டப்போகிறேன் என்று ரெலிபோனில் சொன்னாள். அந்த அதிர்ச்சியில் அடுப்பை மூன்று தரம் நூர்த்து அணைத்தேன். அது எரியவே இல்லை. அடுத்த அதிர்ச்சி: "கலியாணத்தில அப்பா எழும்பி நிண்டு டச்சில ரெண்டு வசனம் சொல்லோணும். நீங்கள் சும்மா நிண்டா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்." அவளுடைய பள்ளிக்கூடக் கூட்டங்களில் எல்லாம் பிரெஞ்சு விளங்காமல், சிரித்துக்கொண்டே நின்று சமாளித்த தகப்பன் நான். கலியாணத்திலும் அப்படியே நின்றுவிடுவேனோ என்று பயம் பிடித்துவிட்டது.

"பயப்பிடாதை தம்பி" என்றார் ஒல்லாந்தர். "உனக்குப் பாதி டச்சு தெரியும். ஒபீசைச் சொல்லுற கந்தோர் ஆற்ற சொல்லு? அவங்கட. மேசை லாச்சி? அவங்கட. கக்கூசு?"

"கக்கூசுமோ!"

"வாயைக் கொஞ்சம் கோணிச் சொன்னாச் சரி."

ஆடிப்போய்விட்டேன். இத்தனை வருடமும் ஐரோப்பிய மொழி பேசிக்கொண்டல்லவா மலசலகூடம் போயிருக்கிறேன்!

வகுப்பு சனிக்கிழமைகளில், அவருடைய காருக்குள். அவருக்கு இந்த நாட்டின்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. "அங்க சனிக்கிழமை கார் எடுத்தா பெல்ஜியத்தில தேத்தண்ணி, ஜெர்மனியில பெற்றோல். இங்க விடிய வெளிக்கிட்டு மத்தியானம் மட்டும் ஓடினாலும் அதே நாடு, அதே கோப்பிக்கடை. இதெல்லாம் ஒரு நாடோ?" அதனால் அவரே எல்லை பிரித்துவிட்டார். லவால் பெல்ஜியம். டோர்வல் ஜெர்மனி. கால்வாயும் படகு ஏற்றி இறக்கும் மதகும் இருப்பதால் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஒல்லாந்து. லவால் பாலத்தில் ஏறும்போது, "பாஸ்போட் வைச்சிருக்கிறியோ?" என்பார். பகிடிதான். இருந்தாலும் அடுத்த கிழமையில் இருந்து நான் பாஸ்போட்டோடுதான் போனேன். எதற்கும் இருக்கட்டும்.

ஒருநாள் கால்வாயோரம் காரை நிறுத்திவிட்டு ஒல்லாந்தர் கோப்பி வாங்கப் போன நேரம் சம்பந்தியம்மா வீடியோவில் அழைத்தார். மாப்பிள்ளையின் தாய். ஆங்கிலம் அவருக்கும் எனக்கும் ஒரே அளவு. டச்சில் மெதுவாக ஏதோ கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்கு ஆமாம் என்று தலையாட்டி, "ஓம்" என்றேன். முகம் மலர்ந்தது. இன்னொன்று கேட்டார். "ஓம், ஓம்." இன்னும் மலர்ந்தது. அந்த உற்சாகத்தில் ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். சுவர் முழுக்க நீலப்பூ டைல்ஸ் ஒட்டிய சின்ன அறை ஒன்று வந்தது. மோயி என்றால் அழகு என்று படித்திருந்தேன். என் சொந்த முயற்சியில் முதல் வசனத்தை அவிழ்த்துவிட்டேன். வாயையும் கோணினேன்.

"மோயி கக்கூசு!"

சம்பந்தியம்மா வாயைப் பொத்தினார். பிறகு வீட்டுக் கூரைதான் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மகள் எடுத்தாள். "அப்பா! மாமிக்கு என்ன சொன்னீங்கள்? அது இங்க மரியாதையான சனம் வாயில எடுக்காத சொல்லு!"

"ஐயோ, கலியாணம் நிண்டுபோச்சோ?"

"அவ சிரிச்சுச் சிரிச்சு விழுந்திட்டா. அதை விடுங்கோ. ஆர் அந்த மாமா?"

"எந்த மாமா?"

"உங்களோட ஆர் வருவினம் எண்டு கேட்டவவாம், மாமா எண்டியளாம். பக்கத்தில ஆரை இருத்திறது எண்டு கேட்டவவாம், மாமா, மாமா எண்டியளாம். டச்சில ஓம் எண்டா மாமா, அப்பா! எனக்கே தெரியாத மாமாவுக்குப் பெரிய மேசையில கதிரை போட்டாச்சு!"

 கோப்பியோடு வந்து ஏறிய ஒல்லாந்தர் பக்கம் திரும்பினேன். "அண்ணை! கக்கூசைச் சொல்லித்தரத் தெரிஞ்ச உங்களுக்கு, ஓமைச் சொல்லித்தர வாய் வரேல்லையோ? மூச்சுக்கு மூச்சு நான் சொல்லுற சொல்லெல்லே!"

அவர் மதகுக்குள் ஒரு படகு மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்னை ஆரடா ஓம் எண்டு கூப்பிட்டது?" என்றார் பிறகு. "ஒரு குஞ்சு குருமனும் இல்லை. பாவிக்காத சொல், மறந்துபோச்சு."

நான் மகளிடம், "மாமா வாறார் எண்டு சொல்லு" என்றேன்.

ஒல்லாந்தில், கலியாண மண்டபத்தில் என்னை எழுப்பிவிட்டார்கள். பாடமாக்கிய இரண்டு வசனமும் பறந்துவிட்டன. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  சம்பந்தியம்மாவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். அதில் புதுக் கோட்டோடு, தக்காளித் தோட்டத்து டச்சில் மேசை முழுவதையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஒல்லாந்தர் சட்டென்று அடங்கிப்போய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இஸ் டிட் த ஓம்?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு டச்சு வசனம் எனக்கு முழுதாக விளங்கியது: இவர்தானோ அந்த மாமா?

"ஓம்" என்றேன்.

மகள்தான் முதலில் கைதட்டினாள். நான் சொன்னது இரண்டு மொழியிலும் சரியாக இருந்தது.