தார் பூசின ஜீப்பும் அத்தையின் காலும்

கேகாலையில் பழைய ஜீப் விற்கிற அந்த ஆள் ஒரு கள்ளன். ஓட்டையை மூடி என் தலையில் கட்டினான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூச்சமான விஷயம் வேறு. அந்த ஓட்டையைப் படுத்துப் பார்க்க அவனே எனக்குச் சாக்கு விரித்துக் கொடுத்தான். நான் படுக்கவில்லை.

யட்டியாந்தோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்கு நிற்கிறேன். வீடு ரப்பர் தோட்டத்தின் மேல் டிவிசனில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்று, மனைவியின் அம்மாவோடு. அத்தை முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். இப்போது சீனி வருத்தம், சர்க்கரை நோய். மாதம் ஒரு தடவை கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக். பஸ் ஏற மலைப்படியில் இறங்க வேண்டும். மேலே வர ஆட்டோக்காரன் எவனும் சம்மதிக்க மாட்டான். "பாதம் மரத்துப்போச்சு, காலில் ஒரு கீறல் பட்டாலும் ஆறாது, கவனம்" என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அத்தை முடிவெடுத்துவிட்டார்.

"வேலைய விட்டப்ப வந்த காசு சும்மாத்தான கெடக்கு. நம்ம ரோட்டுல ஏறுற மாதிரி ஒரு ஜீப்பு பாருங்க மாப்ள. எனக்கு மட்டுமா, லயத்துல யாருக்கு முடியலன்னாலும் ஆகும்."

மச்சான் ராஜு, அத்தையின் மகன், கொழும்பில் கராஜில் வேலை. லீவு கிடைக்காததால் போனில் பாடம் எடுத்தான்.

"மச்சான், மேல பெயிண்ட்டப் பாக்காத. சீட்டப் பாக்காத. கீழ படு. ஸ்க்ரூ டிரைவர் காம்பால சேஸியத் தட்டு, ஆள் கால் வைக்கிற தரையத் தட்டு. டங்குன்னா வாங்கு. பொத்துன்னா ஓடி வந்துரு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்குச் சொல்ல முடியாது.

கேகாலைக்குப் போவதற்காக நான் வெள்ளைச் சட்டை போட்டேன். இஸ்திரி போட்ட கால்சட்டை. (ஜீப் பார்க்கப் போகிறவன் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரிப் போனால் இப்படித்தான் ஆகும்.) கொட்டிலுக்குள் கால் வைத்ததும் அந்த ஆள் எழுந்து நின்றான்.

"எண்ட மாத்தயா, எண்ட" என்று சிங்களத்தில் வரவேற்று, கதிரையைத் துடைத்துப் போட்டான்.

மாத்தயா. ஐயா என்று அர்த்தம். நாற்பத்திரண்டு வயது வரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கடையில் நான் "ஏய் தம்பி". தோட்டத்து ஆபீசில் எனக்குப் பெயரே இல்லை. நிற்கிற ஜீப்போ துரைமார் ஓட்டின சாதி. அந்த ஜீப் வந்தால் என் அப்பா ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி வழிவிடுவார். நான் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தேன் பாருங்கள், தோட்டத்தையே விலைக்கு வாங்க வந்தவன் மாதிரி.

முதல் நாள் மழையில் தரை சேறாக இருந்தது. அந்த ஆள் உரச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து ஜீப்புக்குப் பக்கத்தில் விரித்தான்.

"மாத்தயா கீழே பார்க்கிறதென்றால் பாருங்கள். ஆனால் சட்டை வெள்ளை."

மாத்தயா எங்கேயாவது சாக்கில் படுப்பாரா? "எபா, எபா" (வேண்டாம்) என்று கையை ஆட்டினேன். முழங்காலில் கைவைத்து லேசாகக் குனிந்தேன். கீழே கன்னங்கரேல் என்று புதுத் தார்.

இங்கேதான் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கள் லயத்துக் கூரை தகரம். மழை தொடங்குமுன் ஓட்டை விழுந்த இடமெல்லாம் துணியை ஒட்டித் தார் பூசுவோம். புதுத் தார் தெரிந்தால் அதற்குக் கீழே ஓட்டை என்று லயத்தில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தாரை டின் டின்னாக விற்பதே நான்தான். ஆனால் மாத்தயா என்ன நினைத்தார்? 'நல்லாப் பராமரிச்சிருக்கான்' என்று நினைத்தார்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முன் பம்பரில் இரண்டு தட்டுத் தட்டினேன். டங், டங்.

ராஜு போனில் கேட்டான். "தட்டுனியா?"

"தட்டுனேன்."

"எங்கெங்க?"

"எல்லா எடத்துலயும். டங்குன்னுதான் கேக்குது."

அந்தக் கள்ளன் பூசினது ஒரு பொய். நான் சொன்னதும் ஒரு பொய்தான். என்னுடையது சொந்த மச்சானிடம்.

அத்தையின் காசை எண்ணிக் கொடுத்து ஜீப்பை ஓட்டி வந்தேன். அடுத்த கிளினிக் நாள். அத்தை ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு, கிளினிக் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். லயமே வாசலில் நின்று பார்த்தது. நான் ஒரு கையால் ஓட்டினேன். மறு கை ஜன்னலில், துரை மாதிரி. தண்ணீர் போகிற போக்குப் பாலத்துக்கு மேல் இருந்த பள்ளத்தில் ஜீப் தூக்கிப் போட்டது. பின்னால் நனைந்த அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம்.

"மாப்ள, ரோடு தெரியுதுங்க."

"தெரியும் அத்தை. இனி நல்ல ரோடுதான்."

"இல்ல மாப்ள. என் காலுக்குக் கீழ தெரியுது."

திரும்பிப் பார்த்தேன். அத்தை சீட்டைப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். ஒரு செருப்பு எப்போதோ போய்விட்டது. பிரேக்கை மிதித்தேன். நிற்கும்வரை அந்த மனுஷி ரோட்டில் எட்டு வைத்துக்கொண்டே வந்தார். பால்வாளியோடு நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். காலை வெளியே எடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. தகர விளிம்பு பாதத்தை நீளத்துக்குக் கிழித்திருந்தது. "வலிக்கலைங்க மாப்ள" என்றார். மரத்துப்போன கால் எப்படி வலிக்கும்?

கிளினிக்குக்குப் போனவர் வார்டில் படுத்தார். புண் ஆற நாலு மாதம். இரண்டு விரலை எடுத்தார்கள்.

ராஜு கொழும்பிலிருந்து ஓடி வந்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கு ஒன்றும் கேட்காமல், மண்ணில் மல்லாக்கப் படுத்து ஜீப்புக்கு அடியில் போனான். ஸ்க்ரூ டிரைவரை ஒரு அழுத்து. காம்பு வரை இறங்கியது. தாரை உரித்தால் உள்ளே பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டையாக்கி ஒட்டியிருக்கிறான் அந்தப் பாவி. டின்னில் இருந்த பூப்படம்கூட அழியவில்லை. ராஜு வெளியே வந்து முதுகு மண்ணைத் தட்டினான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜீப் பழைய இரும்பு விலைக்குப் போனது. அத்தை இப்போது கைத்தடியோடு படி இறங்குகிறார். கீழே பஸ் ஏறும்வரை நான் இரண்டு படி முன்னால் பின்பக்கமாக இறங்குகிறேன், விழுந்தால் பிடிக்க.

கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் அவர் கதையை ஆரம்பித்துவிடுவார். தமிழில் ஒரு தடவை, பக்கத்தில் இருப்பவர்களுக்காகச் சிங்களத்தில் ஒரு தடவை. "ஜீப்புல ஏறி கரவனெல்லைக்கு நடந்து வந்தவ நான் ஒருத்திதான்." வாங்கே குலுங்கும். நர்ஸ் எட்டிப் பார்ப்பார். நான் கிளினிக் புத்தகத்தை விரித்து, புரியாத எழுத்தையெல்லாம் வாசிப்பேன்.

போன மாதமும் சொன்னார். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல கேட்டா எந்திரிச்சுப் போயிருறீங்க. இங்க இத்தன பேரு இருக்காங்க, இவங்க முன்னால சொல்லுங்க மாப்ள. அன்னைக்கு ஏன் படுத்துப் பாக்கல?"