ரசமட்டமும் ஊமைச் சைரனும்

இரத்தினபுரி மாவட்டத்தில் கோணலாக இருந்த எதையும் அந்த மனிதர் நேராக்காமல் விட்டதில்லை, தன் மூக்கைத் தவிர. கொத்தனார் சுவரில் வைத்து மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே அவருக்கு வைத்திருந்தோம்: ரசமட்டம். சாப்பாட்டுக் கடையில் மேசை ஆடினால் சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து, காலுக்குக் கடதாசி மடித்து வைப்பார். அதற்குள் அவருடைய வடையை நான் தின்றுவிடுவேன்.

இலங்கையில் சண்டைக் காலம் அது. டவுனில் மாணிக்கக் கல் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் கம்பியூட்டர் ஆபீஸ். அவர் புரோகிராம் எழுதுவார்; நான் கூட இருந்து பயப்படுவேன். கலவானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. புது வீடு தருகிறோம் என்று சொன்ன, தோட்டத்தை நிர்வகித்த துரைமார் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனார்கள். வெடிப்பு மட்டும் அங்கேயே இருந்து அகலமானது. கடைசியில் வீட்டுக்குப் பதிலாக ஒரு சைரன் தருவதென்று முடிவாயிற்று. மலையில் நாலு மழைமானிகள். மழை மிஞ்சினால் தோட்டத்து ஆபீஸில் இருக்கும் கம்பியூட்டர் சைரனை ஊத வேண்டும். அந்த லயத்தில்தான் ரசமட்டத்தின் அக்கா பிள்ளைகளோடு இருந்தார்.

செய்து முடித்து எங்கள் ஆபீஸில் சோதித்தபோது சைரன் அருமையாக ஊதியது. கீழே கல் வாங்க வந்தவர்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். "குடுக்கிறதுன்னா வேகமானதா செஞ்சு குடுங்க" என்றார் எங்கள் முதலாளி. நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அதனிடம் வேகத்தைக் கூட்டச் சொல்லி, மறுபடி கட்டி, ஊதிப் பார்க்காமலே தோட்டத்துக்கு எடுத்துப் போனோம்.

துரை குடை பிடித்து நிற்க, மானிகளில் வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். சைரன் மூச்சு விடவில்லை. புரோகிராம் செத்துக் கிடந்தது. நான் மேசைக்கடியில் புகுந்து பிளக்கைக் கழற்றினேன், மாட்டினேன், தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். அவசரத்தில் மாதாவையும் சேர்த்துக்கொண்டேன். எழும்பும்போது மேசையில் என் தலை மோதிய சத்தம்தான் அன்று அந்தத் தோட்டத்துக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை.

"தம்பி, இது ஊதுமா ஊதாதா?" என்று அக்கா கேட்டார். ரசமட்டம் ஊதுகுழலைக் கழற்றிப் பையில் போட்டார்.

சில நாள் புரோகிராமையே நோண்டிக்கொண்டு கிடந்தவர், ஒரு மத்தியானம் ஆபீஸில் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"டேய், நாலு மானியோட கணக்கையும் ஒரே பிடியா தூக்கிக் கூட்டுற கட்டளை அது. மெமரியில பதினாறால பிரிக்கக்கூடிய நம்பர் உள்ள எடத்துல அந்தக் கணக்கு ஆரம்பிக்கணும். கொஞ்சம் தள்ளியிருந்தா தூக்காது, அங்கேயே செத்துரும்."

"இங்க தூக்கிச்சேண்ணே?"

"மொதல்ல இங்க ஊதுனப்போ, கணக்குப் போடுற அந்த ஃபங்ஷன் தனி வீடுடா. வாசல்லயே தரைய மட்டமாக்கிட்டுத்தான் உள்ள போகும். வேகமா செய்யின்னதும் கம்பைலர் என்னா செஞ்சிச்சு? கூப்பிட்டுப் போயி வாற நேரம் வீணுன்னு, வீட்டப் பேத்து, கூப்பிட்டவன் காம்பராவுக்குள்ளயே சேத்துருச்சு. மகன் கலியாணம் கட்டுனா லயத்துல தடுப்பு வச்சு ஒட்ட வைக்கிறோமில்ல, அது மாதிரி. சாமானெல்லாம் வந்துருச்சு, மட்டமாக்குற வாசல் வரல. இப்ப அடுத்தவன் கோணத் தரையில குந்தியிருக்கு."

அந்த ஃபங்ஷனை மட்டும் உள்ளே சேர்க்காதே என்று கம்பைலருக்கு ஒரே சொல் எழுதினார். முதலாளிக்கு மனம் வரவில்லை.

"வேகம் குறையுமே?"

"ஏங்க, மலை என்னா மைக்ரோ செக்கன்லயா சரியப்போகுது?"

மறுபடி போகும் வழியில் சோதனைச் சாவடி. பையில் வயர், பேட்டரி, ஊதுகுழல். பையைச் சுமந்தவர்கள் தமிழர்கள். "மேக்கே மொனவாத?" என்று பையைக் காட்டி, இதில் என்னவென்று கேட்டான் ஆமிக்காரன். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. என் பெயரையே அடையாள அட்டையைப் பார்த்துத்தான் சொன்னேன். ரசமட்டமோ சாவடியின் மணல் மூட்டைகளை உற்றுப் பார்த்து, சரிந்திருக்கிறதே என்று சிங்களத்தில் கடிந்துகொண்டு, அடி மூட்டையைத் தள்ளத் தொடங்கினார். துப்பாக்கி நிமிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இருவரும் சேர்ந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று தோட்டத்தில் சைரன் ஊதியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த மழைக்காலத்திலேயே, ஒரு பகலில், அது நிஜமாக ஊதியது. சனம் வெளியே ஓடியது. பின்னாலேயே மலை வந்தது. ஆட்கள் எல்லோரும் மிஞ்சினார்கள். ஒரு சட்டி பானைகூட மிஞ்சவில்லை. தோட்டத்துப் பழைய தேயிலை ஸ்டோரில் அவர்களைத் தற்காலிகமாக இருக்கச் சொன்னார்கள். அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை.

நாங்கள் போனபோது அக்கா பாண் ரொட்டியைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமென்று வாயைத் திறந்தேன். பிறகு நானும் குந்திப் பாணைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

துரை வந்தார். "லயமே இல்லையே, இனி சைரனைக் கழற்றிவிடலாம்தானே?"

ரசமட்டம் ஸ்டோருக்குப் பின்பக்கம் கையைக் காட்டினார். "இதுக்கு மேலயும் ஒரு மலை இருக்குங்க."

மண்ணோடு போகாமல் மிஞ்சிய மழைமானியைத் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினார். அட்டைக் கடிக்குப் பயம், சறுக்கலுக்குப் பயம், மலைக்கே பயம் எனக்கு. வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். அந்த மனிதர் மழையில் தனியாகப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.