ஏரிக்கு வராத பச்சை

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள, தெருவுல ஊத்துற தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு இந்த ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லாம தெரிஞ்சுக்கும். பால்குடிக் குழந்தை உள்பட" என்று தட்டை வழித்துக்கொண்டே அறிவித்தார் மீன் மாமா.

சாப்பாட்டு மேஜையில் ஒருவரும் நம்பவில்லை. நம்பியிருந்தால்தான் ஆச்சரியம். நகராட்சியின் மழைநீர் மாசு விழிப்புணர்வுப் பிரிவு என்பது மீன் மாமா, ஒரு வேன், ஒரு மைக், ரப்பரில் செய்த ஒரு மீன் உடுப்பு, அவ்வளவுதான். அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பேசப்போய்த்தான் சொந்தப் பெயர் செத்து, இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போன கூட்டத்தில் அவர் பேசி முடித்தபோது எதிரே மிச்சமிருந்தது ஒரு நாய். அதுவும் அவர் மேடையை விட்டு இறங்கட்டும் என்று காத்திருந்தது.

"அத்தான், உங்க பேச்சை உங்க நிழலே நின்னு கேக்காது" என்றான் மைத்துனன். அதே நகராட்சியில் குடிநீர் இன்ஜினியர். "வடிகால்ல ஊத்துற சோப்பு, ஆயில், பெயின்ட் எல்லாம் வடிகட்டாம நேரா ஏரிக்குப் போகுது. சரி, போகட்டுமே. எவன் ஏரித் தண்ணி குடிக்கிறான்? மலையிலேர்ந்து நான் கொண்டுவந்த குழாய்த் தண்ணியத்தானே குடிக்கிறான்."

அந்தக் குழாயை இந்த வருஷம்தான் ஊர் முழுக்க, வடிகாலுக்கு அடியிலேயே, புதைத்து முடித்திருந்தான். அன்றிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை.

அவன் மடியில் கிடந்த மகள் சோற்றைத் தொடவில்லை. மழை தொடங்கியதிலிருந்தே வயிறு சரியில்லை. குச்சிக்குத் துணி சுற்றியது போல் ஆகிவிட்டாள். டாக்டர் ஐஸ் தின்றதால் என்றார், நகம் கடிப்பதால் என்றார், பிறகு எதுவும் சொல்லாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அவளுக்காவது தண்ணியக் காய்ச்சிக் குடேண்டா" என்றாள் மீன் மாமாவின் மனைவி.

"நான் போட்ட குழாய்த் தண்ணிய நானே காய்ச்சினா ஊர் சிரிக்கும்க்கா."

ஊர் சிரிப்பதைப் பற்றி மீன் மாமாவுக்கு இனிமேல் கவலையில்லை. நாளைய கூட்டமும் புஸ்ஸென்று போனால் பிரிவுக்குப் பூட்டு, அவருக்கு நாய் பிடிக்கிற வண்டி என்று ஆணையர் சொல்லிவிட்டார். மீன் மாமாவைக் கண்டால் எந்த நாய்க்கும் பிடிக்காது. அவருக்கும் அப்படியே.

மறுநாள் ஏரிக்கரையில், வடிகால் வந்து விழும் சிமென்ட் குழாயின் வாய்க்கு எதிரே நாற்காலிகள் போட்டாயிற்று. ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி இலவசம் என்றதில் கூட்டம் நெருக்கியது. திட்டம் ரொம்ப எளிது. கடைத்தெரு வடிகாலில் வேன் டிரைவர் பச்சைச் சாயம் ஊற்றுவார். அது பச்சைப் பசேலென்று ஏரியில் வந்து கொட்டும். ஊர் வாயைப் பிளக்கும். மிட்டாய்க்குப் போடுகிற சாயம்தான், தின்றாலும் ஒன்றும் செய்யாது.

மீன் மாமா செதிலுக்குள்ளிருந்து போனை எடுத்தார். "ஒரு குடம் ஊத்துப்பா."

"ஊத்திட்டேன் சார்."

எல்லோரும் காத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க மழை கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தும் குழாயின் வாய் காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி வறண்டு கிடந்தது. ஒரு தவளை வெளியே வந்தது, கூட்டத்தைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

"இன்னும் ரெண்டு குடம் ஊத்து."

"ஆச்சு சார்."

"பீப்பாயோட கவுத்துடு."

"கவுத்துட்டேன் சார். தவிச்ச மாடு மாதிரி உறிஞ்சிடுச்சு. ஒரு சொட்டு மேல நிக்கல."

ஆணையர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏரிக்கு ஒண்ணுமே வரலையே. அப்போ ஏரி சுத்தமாத்தானே இருக்கு?"

"எங்கயோ அடைச்சிருக்கும் சார், இதோ பார்த்துடறேன்" என்று மீன் மாமா குழாய்க்குள் தலையைக் கொடுத்தார். தலை போனது, வயிறு போனது, இடுப்பு போகவில்லை. திரும்பி வரவும் இல்லை. வெளியே வால் மட்டும் துடித்தது. அத்தனை போன்களும் அதைப் படம் பிடித்தன.

"வாளி உண்டா இல்லையா, அதைச் சொல்லச் சொல்லுங்க" என்றாள் ஒருத்தி.

ஆணையர் குனிந்து குழாய்க்குள் பேசினார். "திங்கக்கிழமை நாய் வண்டிக்கு வந்துடுங்க."

உள்ளேயிருந்து "சரி சார்" என்று மூன்று தடவை எதிரொலித்தது.

தீயணைப்புக்காரர்கள் இழுத்த இழுப்பில் மாமா வந்தார், வால் தனியாக வந்தது. வாலைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"போனாப் போகுது விடுங்க. தண்ணி விடுற நேரந்தான், பிடிச்சு வெந்நீர் வைக்கறேன்" என்று மனைவி சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சத்தமே இல்லை.

தெருவிலும் இல்லை. தண்ணீர் விட்டதும் தினமும் வாளிச் சண்டையில் இரண்டு தெரு அதிரும். இன்று எல்லா வாசலிலும் ஆட்கள் வாளியையே குனிந்து பார்த்தபடி நின்றார்கள், பிணத்தைப் பார்ப்பது போல.

அந்த வாசல்களை எல்லாம் தாண்டி மைத்துனன் வந்தான். இடுப்பில் மகள், கையில் மூடிய சொம்பு.

"சிரிக்க வந்தியா மாப்ளே? தாராளமா சிரி. என் வடிகால் ஏரிக்கே போகல."

மைத்துனன் சிரிக்கவில்லை. மகளை மேஜைமேல் உட்காரவைத்தான். "மாமாவுக்கு நாக்கைக் காட்டும்மா."

அவள் நீட்டினாள். கிளிப்பச்சை.

சொம்பின் மூடியைத் திறந்தான். அதே பச்சை.

"என் குழாய் உடைஞ்சிருக்கு அத்தான். வடிகால் மொத்தமும் அதுக்குள்ளதான் இறங்குது" என்றான். "நீங்க சொன்னபடியே நடந்துடுச்சு. ஒரு வீடு பாக்கியில்லாம தெரிஞ்சுபோச்சு."

மகளின் வயிற்றில் கையை வைத்தான்.

"இதுக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு."